இரண்டாம் விளி

வள்ளம் கரை சேரும் முன் எழுந்து நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் அந்தப் பெண் என்னை ஏற்றினாள். பாதித் தூரம் போவதற்குள் நான் எழுந்து, வள்ளம் ஆட, பயந்துபோய் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்தேன். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. பஸ் நிற்கும் முன்னால் படியில் வந்து நிற்கிற ரகம். அதனால்தான் எங்க அப்பா தேடிப்பிடித்து ஒரு பஸ் மெக்கானிக்குக் கையில் பிடித்துக் கொடுத்தார் என்று இவர் கேலி பண்ணுவார். இவர் என்றால் தாணுலிங்கம், என் வீட்டுக்காரர், போன ஆடி மாதம் இந்தத் தண்ணீரில்தான் கிடந்தார். இந்தத் தண்ணீரா, இதற்குப் பக்கத்துத் தண்ணீரா, தண்ணீரில் பக்கத்துத் தண்ணீர் என்று ஒன்று உண்டா, யோசித்துக்கொண்டே குனிந்து பார்த்தால் என் முகமும் அவள் ஊன்றுகிற கழையும் தெரிந்தன, வேறொன்றும் தெரியவில்லை. காயல் என்றால் ஒரு சலசலப்பாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அசையவே இல்லை. கதம்பல் அழுகும் நாற்றம் மட்டும் அடித்தது. தேங்காய் உரித்த கதம்பலை மாதக்கணக்கில் சேற்றில் புதைத்துவைத்து, அழுகின பிறகு எடுத்து அடித்துக் கயிறு திரிப்பார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார், நாற்றத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மூக்கைப் பொத்தினால் மரியாதைக் குறைவு, பொத்தாவிட்டால் குமட்டல். துருத்து, காயலுக்கு நடுவில் கிடக்கிற அந்தத் தீவு, நேர் எதிரே, நாலு எட்டு வைத்தால் ஏறிவிடலாம் போலக் கிடந்தது, தென்னையும் ஓட்டுக் கூரையும் மாதா கோயில் சிலுவையும் தெரிந்தன, ஆனால் இவள் நேரே போகாமல் வடக்கே ஒரு பெரிய வளைவு வளைந்தாள். ஏன் ஊரைச் சுற்றுகிறாய் என்று கேட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: "அங்ங மணல் வாரின குழி கெடக்குது அக்கா. பாத்தா முட்டளவுதான் தெரியும். காலு வச்சா ஆளைக் காணாது."

முட்டளவு. இவருக்கு முட்டளவே அதிகம். தெப்பக்குளத்தில்கூடப் படியில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிற மனுஷன், நீச்சல் தெரியாதவர், அவர் எதற்கு இறங்கினார் என்றுதான் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள், கேட்டுவிட்டு அவர்களே பதிலும் வைத்திருந்தார்கள். செருப்பு. அந்தச் செருப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நான் இப்போது வள்ளம் ஏறின அதே கடவில், ரோட்டுக்கரைத் துறையில், மேல்படியில், இரண்டும் ஒட்டி ஒட்டி, கோயில் வாசலில் கழற்றிவைத்த மாதிரி இருந்ததாம். வழுக்கி விழுகிறவர் செருப்பைக் கழற்றி ஒழுங்கா வச்சிட்டா விழுவாரு என்று போலீஸ்காரர் என்னிடமே கேட்டார், நல்ல மனுஷன்தான், குடிக்கத் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார், ஆனால் அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போய்விட்டார், அது எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டது. மகள் சுபஜா கல்யாணத்துக்கு என்று வாங்கின செருப்பு. நடந்தால் கிறீச்கிறீச் என்று கத்தும், மாப்பிள்ளை வருகிறார் பராக் என்று நான் கேலி பண்ணுவேன், கல்யாணத்துக்குள் படிய வைக்கிறேன் என்று பத்திரிகை கொடுக்கிற இடத்துக்கெல்லாம் அதையே போட்டுக்கொண்டு திரிந்தார். இங்கே வந்ததும் பத்திரிகை கொடுக்கத்தான். டிப்போவில் கூட வேலை பார்த்த கண்டக்டர் வறுவேலுக்குப் போனில் சொல்லக் கூடாது, நேரில் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடவுல போய் நின்னு ஒரு சத்தம் கொடுத்தா வள்ளம் வந்துரும் என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் கிளம்பினார். மறுநாள் காலையில் செருப்பு கிடைத்தது, அவர் கிடைத்தார், பத்திரிகைப் பை கிடைக்கவில்லை. சுபஜா அந்தச் செருப்பை ஒரு பாலித்தீன் பையில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். வேறு ஜாதிப் பையன், அவளே தேடிக்கொண்டது, இவர் ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றார், பிறகு ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே பத்திரிகை அடிக்கக் கொடுத்துரலாம் என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம், அதற்குமேல் விளக்கமெல்லாம் கிடையாது. மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சிரித்தாரா அம்மா என்று அவள் கேட்கிறாள். என்னாலதான் போனாரா அம்மா. பையன் வீட்டில் காத்திருக்கிறார்கள், திதி அடுத்த மாதம், அதற்குள் எனக்குத் தெரியணும் என்று சொல்லிவிட்டாள். நான் என்ன போலீசா. ஆனாலும் வந்துவிட்டேன். அவர் கடைசியாகப் பார்த்த இடத்தைப் பார்த்தாலாவது ஏதாவது தோன்றாதா என்றுதான் வந்தேன்.

வறுவேல் வீடு எது என்று கேட்டதும் கழைக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அது அவள் வீடுதானாம். வறுவேலின் மனைவி, பெயர் ஞானப்பூ. சாவுக்கு வறுவேல் மட்டும்தான் வந்து ஒரு மூலையில் நின்று அழுதுவிட்டுப் போனார், இவள் வரவில்லை, அதனால் இவளுக்கு என் முகம் தெரியாது, நானும் யார் என்று சொல்லவில்லை. வள்ளத்தைக் கட்டிவிட்டு வருகிறேன், கோயிலைத் தாண்டி நேரே நடங்கள் என்றாள். நடந்தேன். ஊர் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் வீடுகள், அதிலும் பாதி, சன்னல் வரைக்கும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. சுவரில் உப்பு ஏறி, தொட்டால் கையோடு வந்தது. முற்றங்களில் தண்ணீர் நின்றது, மழைத் தண்ணீர் இல்லை, காயலே உள்ளே வந்துவிட்டுப் போகிறது, ஒரு வீட்டு அடுக்களைப் படியில் சின்ன மீன்கள் நிதானமாக நின்றுகொண்டிருந்தன. எங்கேயோ யாரோ கதம்பலை அடிக்கிற சத்தம் கேட்டது, எங்கேயோ ரேடியோ பாடியது, ஆள் மட்டும் கண்ணில் படவில்லை. நான் ஒரு வேலி ஓரமாக நின்று வீட்டில் யாருங்க என்று குரல் கொடுத்தேன். அடிக்கிற சத்தம் நின்றது. ரேடியோ நின்றது. சன்னலில் ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தது, வளையல் போட்ட கை, அது அசையவில்லை. அந்தக் கை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, கை எப்படிக் கேட்கும், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது. என்ன, செவிட்டு ஊரா இது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும், கொஞ்சம் கடுப்பாகவே, யாருங்க என்றேன். உடனே கதவு திறந்தது, ஒரு பெண் சிரித்துக்கொண்டே வாங்க என்றாள், பின்னால் ரேடியோ பாடியது, கதம்பல் அடிபட்டது, எதுவுமே நடக்காத மாதிரி. அடுத்த வீட்டிலும் இதே கதைதான். முதல் குரலுக்கு எல்லாம் நிற்கும், இரண்டாம் குரலுக்கு எல்லாம் நடக்கும். பட்டப்பகலில் ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டாம் குரல் என்ற பேச்சே கிடையாது. இவர் ஒரு தடவைதான் கூப்பிடுவார். பின்பக்கம் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அங்கிருந்து ஏட்டீ என்று ஒரு குரல் வரும், கடைசியில் கொஞ்சம் இழுத்து, சட்டென்று நிற்கும், அவ்வளவுதான். அதற்குள் போகாவிட்டால் தானே எழுந்து, தானே எடுத்து, தானே கொட்டிக் கவிழ்த்து, அப்புறம் இரண்டு நாள் பேச்சு இருக்காது. ஒரு தடவைக்குமேல் தொண்டைத் தண்ணியைச் செலவழிக்க மாட்டேன் என்பார். அதனால் எனக்கு அது பழகிவிட்டது. குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்போடு இதோ வந்துட்டேன் என்பேன். தூக்கத்தில் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குள்ள ஒரு சுவிட்சு இருக்கு, அப்பா தட்டினா எரியும் என்று சுபஜா கேலி பண்ணுவாள். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. மீன்காரர் ஹாரனுக்குச் சொல்கிறேன், பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டால் சொல்கிறேன், போன வாரம் யாருமே கூப்பிடாமல் சொன்னேன், சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டேன். யாராவது கூப்பிட்டார்களா இல்லையா என்று ஒரு பெண்பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா. தெரியவில்லை.

வறுவேல் நாற்காலியில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள், ஏற்றம் வந்தால் தண்ணீர் அறைக்குள் வரும்போல. பஸ் என்ஜின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது, இவர் சொல்லித் தெரியும், ஆனால் இவ்வளவு மோசமாக இருக்கும் என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து அழுதார். செவிடர்கள் அழுவதும் சத்தமாகத்தான் இருக்கும்போல, ஊருக்கே கேட்டிருக்கும். "அவன் வாறது எனக்குத் தெரியாது மைனி. தெரிஞ்சா அக்கரையில போய் நிக்கமாட்டேனா?" என்றார். வறுவேலைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கேட்க வந்ததைக் கேட்கவில்லை, அதைக் கத்திக் கேட்க முடியாது, என் புருஷன் சாகிறதுக்காகவா இங்கே வந்தார் என்று ஒரு செவிடரின் காதில் எப்படிக் கத்துவது. அப்போதுதான் ஞானப்பூ உள்ளே வந்தாள். வறுவேல் அவளைப் பார்த்து, இது ஆரு தெரியுதா, தாணுவுக்க பெஞ்சாதி என்று கத்தினார். அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். இவ்வளவு நேரம் என்னை வள்ளத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவள், இரிங்க அக்கா, மறிஞ்சிரும் அக்கா என்று அதட்டினவள், முகம் சுண்டிப்போய், அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு ஒரு கட்டன் சாயா கொண்டுவந்து தந்தாள். தந்துவிட்டு, வெளியே வாருங்கள் என்று கண்ணால் சொன்னாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பூவரச மரம், அதற்குக் கீழே தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் கடவு தெரிந்தது, மேல்படி வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். இந்தத் துருத்தில் விளக்கு வைத்த பிறகு முதல் விளிக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்களாம். தண்ணீரில் போனவர்களுக்கு நெஞ்சுக்குள் ஒரே ஒரு மூச்சு மிச்சம் இருக்குமாம், அதை வைத்து ஒரு தரம் கூப்பிடலாமாம், பேர் சொல்லிக்கூடக் கூப்பிடும், பதில் சொன்னவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். இரண்டாம் தரம் கூப்பிட அதற்கு மூச்சு இருக்காது. உயிரோடு இருக்கிறவர்தான் இரண்டாம் தரம் கூப்பிடுவார். கோயிலில் சாமியார் எவ்வளவோ பிரசங்கம் பண்ணிப் பார்த்தாராம், எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு வந்து இரண்டாம் விளிக்குக் காத்திருந்தார்களாம். இப்போது பகலிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் கூவும்போதே இரண்டாகத்தான் கூவுவார்கள், மீன் எடுக்க வருகிறவருக்குத் தெரியும், கரண்டு ஆபீஸ்காரருக்குத் தெரியும். வெளியாட்கள் இருட்டுகிற நேரத்தில் வந்ததே இல்லை, அதனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றினதே இல்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சாயா கை சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஒருக்காதான் கேட்டுது அக்கா," என்றாள். "எனக்க மாப்பிளைக்க பேருதான். வறுவேலூன்னு. நான் கழையை எடுத்து மடியில வச்சிட்டு இருந்தேன், ரண்டாம் விளி வரட்டும்னு. வரல்ல."

காலையில் ஆளைப் பார்த்த பிறகு அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடமும் சொல்லவில்லை, அவரிடம் சொல்வதென்றால் கத்த வேண்டும், கத்தினால் ஊருக்கே சொன்ன மாதிரி. அந்தச் சாயாவை அப்படியே அவள் முகத்தில் ஊற்ற வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. படித்த ஊர்தானே, கையில் போன் இருக்கிறதே, ஒரு டார்ச்சை அடித்துப் பார்க்க என்ன கேடு. ஆத்திரத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்தான் அது. கூப்பிட்டாரே. சாகப் போகிறவர் எதற்கு வள்ளத்தைக் கூப்பிடுகிறார். வறுவேலூ என்று, கடைசியில் இழுத்து, சட்டென்று நிறுத்தி, எனக்குக் கேட்கவே கேட்டது. இதை இப்படியே கொண்டுபோய் சுபஜாவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கொடுக்க முடியாது. அவள் விடமாட்டாள், என் பிள்ளை, எனக்குமேல் நோண்டுகிறவள். கூப்பிட்டார் சரி, யாரும் வரவில்லை, அப்புறம் எதற்குச் செருப்பைக் கழற்றினார் என்பாள். கூப்பிட்டும் யாரும் வராத அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும். இருட்டிக்கொண்டு வருகிறது, எதிரே வீடுகளில் விளக்கு தெரிகிறது, கூப்பிட்டது கேட்டும் ஒருத்தரும் அசையவில்லை என்பதும் தெரிகிறது. பெண்ணும் தன் இஷ்டத்துக்குப் போய்விட்டாள், கூட வேலை பார்த்தவனும் திரும்பிப் பார்க்கவில்லை, சரிதான் போ என்று தோன்றியிருந்தால். அப்படி நினைக்கிற ஆள் இல்லை அவர். இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும், அவர் எதையாவது இரண்டாம் தரம் சொல்லியிருந்தால் அல்லவா தெரியும். ஒரு தடவை சொல்வதோடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்ட மனுஷன். நானும் அந்த ஒரு தடவைக்கே ஓடி ஓடிப் போனேன். உலகம் முழுக்க முதல் குரலுக்கே வந்துவிடும் என்று அவர் நம்பியிருப்பார், நான் வந்தேனே. மறுபடியும் செருப்பு. ஒட்டி ஒட்டி, மேல்படியில். எவ்வளவு சுற்றினாலும் நினைப்பு அந்தப் படியில் வந்துதான் இடறுகிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் என்னைக் கொண்டுவிட்டுவிட வேண்டும் என்று அவள் அவசரப்பட்டாள், வறுவேல் என் கையை விடவில்லை, அதில் நேரமாகிவிட்டது. துருத்துக் கடவுக்கு வந்தபோது வானத்தில் வெளிச்சம் இருந்தது, தண்ணீரில் இல்லை. வேலியத்தில் தண்ணீர் வற்றி, அங்கங்கே மணல் தலை காட்டியது. எதிர்க்கரை ஒரே கறுப்பாக, படி மட்டும் பழுப்பாகத் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது. அவள் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள், நான் ஒரு காலை வள்ளத்தில் வைத்து, இந்த முறையாவது ஆடாமல் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு விளி வந்தது. என்ன வார்த்தை என்று சொல்ல முடியாது, தூரத்தில் வார்த்தை கரைந்துவிடும். கடைசியில் கொஞ்சம் இழுத்து, சட்டென்று நின்றது. ஞானப்பூ இறைக்கிற சிரட்டையைக் கீழே வைத்தாள். கழையை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். பின்னால் கதம்பல் அடிக்கிற சத்தம் நின்றது, ஒரு வீட்டில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதன் வாயையும் யாரோ பொத்தியிருக்க வேண்டும். ஊர் முழுக்க இரண்டாம் விளிக்குக் காத்திருந்தது. நானும் காத்திருக்கத்தான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது, பதில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் எனக்குத் தெரிவதற்குள் என் வாய் சொல்லிவிட்டது.

"இதோ வந்துட்டேன்."

சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். தண்ணீர்மேல் அது வெகுதூரம் போனது. ஞானப்பூ என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "எதுக்கு அக்கா பதில் சொன்னிய," என்று மெதுவாகக் கேட்டாள், திட்டவில்லை, அழப்போகிற குரல். இதற்கு நான் என்ன சொல்வது, முப்பது வருஷப் பழக்கம் என்றா. பதில் சொல்லியாகிவிட்டால் வள்ளம் போகத்தான் வேண்டும், அதுவும் அவர்கள் வழக்கம்தானாம், சொன்ன வார்த்தைக்குப் போகாவிட்டால் அது தேடிக்கொண்டு வீட்டுக்கு வரும். அவள் கழையை ஊன்றினாள். நான் உட்கார்ந்தேன், இந்த முறை எழுந்திருக்கவில்லை. வடக்கே அதே வளைவு. அவள் உதட்டுக்குள் மரியே மரியே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபம் ஒன்றும் வரவில்லை. என்ன சட்டை போட்டிருப்பார், அன்றைக்குப் போட்ட நீலக்கோடு போட்டதா, கூட்டிக்கொண்டு போவதென்றால் போகட்டும், ஆனால் சுபஜா தனியாகிவிடுவாளே, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றால் விடுவாரா, விடமாட்டார், அவருக்கு எல்லாம் முதல் குரலிலேயே நடக்க வேண்டும், இப்படியெல்லாம் கிறுக்குத்தனமாக ஓடியது. படி கிட்ட வந்தது. படியில் ஆள் இல்லை. மேல்படியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. ஒட்டி ஒட்டி, கோயில் வாசலில் கழற்றிவைத்த மாதிரி. நான் கையால் காட்டினேன், ஞானப்பூ ஏற்கெனவே பார்த்துவிட்டாள், கழை அவள் கையில் நின்றுவிட்டது, வள்ளம் தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

தண்ணீரில் ஏதோ சளக் என்றது. அதன் பிறகுதான் அந்த ஆளைப் பார்த்தோம். படியிலிருந்து தள்ளி, வெள்ளை வேட்டியை மடித்துத் தார் பாய்ச்சி, தலைமேல் ஒரு பையை வைத்துப் பிடித்துக்கொண்டு, முட்டளவுத் தண்ணீரில் துருத்தைப் பார்த்து நிதானமாக நடந்துகொண்டிருந்தார். நேரே. வளையாமல். ஞானப்பூ ஒரு கத்து கத்தினாள், நில்லும் வேய், நில்லும் என்று. அந்த ஆள் திடுக்கிட்டு நின்றார், நின்ற வேகத்தில் ஒரு கால் முன்னால் சறுக்கி இடுப்பு வரை போயிற்று. அவள் கழையை நீட்டினாள், அவர் பையை விடாமல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார், நான் எழுந்து, வள்ளம் மறியட்டும் என்று, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். மூச்சு வாங்க வள்ளத்தில் கிடந்தார். உயிருள்ள மனுஷன், நாற்பது நாற்பத்தைந்து வயசு, தக்கலைப் பக்கம் தேங்காய் வியாபாரியாம், துருத்தில் ஒரு தோப்பைப் குத்தகைப் பாட்டத்துக்குப் பார்க்க வந்தவராம், முதல் தடவை. வேலியத்தில் மணல் தெரிந்தது, முட்டளவுதானே, நடந்துவிடலாம் என்று நினைத்தேன் என்றார். ஞானப்பூ கழையைத் திரும்ப ஊன்றினாள். விளிச்சீரே, ரண்டாவது ஒருக்கா விளிச்சா என்ன என்று அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விளிக்கவே இல்லியே," என்றார் அவர். "இப்பதான் வந்தேன், அக்கரையில ஆளையே காணல்ல. ஆரை விளிக்க?"

ஞானப்பூ என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அந்த மனுஷன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கு அடியில் குழி இருந்தது, மேலே தண்ணீர் அசையாமல் இருந்தது. வள்ளம் படியில் முட்டியது. நான் இறங்கி, மேல்படியில் அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தோல் செருப்பு, தூசி தவிர ஒன்றும் படவில்லை. இதை எதற்குக் கழற்றி வைத்தீர்கள் என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார்.

"புதுசுல்லா அம்மா. நனைஞ்சா கெட்டுப்போவும். திரும்பி வந்து போட்டுக்கிடலாம்னு வச்சேன்," என்றார்.

எடுத்துப் போட்டுக்கொண்டார், நடந்து பார்த்தார், கிறீச்சென்றது. இனி துருத்துக்குப் போக மனசில்லை, இன்னொரு நாள் பகலில் வருகிறேன் என்று ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே ரோட்டைப் பார்த்துப் போய்விட்டார், வெகுதூரம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. என்ன மடச்சி நான். ஒரு வருஷமாக அந்தச் செருப்பை எத்தனை விதமாக யோசித்திருக்கிறேன், இப்படி ஒரு தடவை யோசிக்கவில்லையே. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கவில்லை. ஞானப்பூ வள்ளத்தைத் திருப்பினாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. நான் போனை எடுத்தேன். துருத்தில் கிடைக்காத டவர் இங்கே கிடைத்தது. சுபஜாவுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கும்போது காயலுக்கு நடுவிலிருந்து ஞானப்பூவின் குரல் வந்தது. கரையைப் பார்த்துச் சொல்லவில்லை, துருத்தைப் பார்த்தும் சொல்லவில்லை, குழி இருக்கும் பக்கமாகத் திரும்பி, கேட்டுது, கேட்டுது என்று இரண்டு தரம் சொன்னாள். பதில் ஒன்றும் வரவில்லை. போனில் அம்மா என்றாள் சுபஜா, என்னம்மா, அழுறியா, எங்க இருக்க, என்றாள்.

"செருப்பை எடுத்து வெயில்ல வை மக்ளே," என்றேன். "புதுசு, நனையக் கூடாதுன்னுதான் கழட்டி வச்சிருக்கார். திரும்பி வந்து போடத்தான்."